காலி அலைக்கற்றையில் உட்கார வரும் பெட்டியை யார், எப்படிச் சோதிப்பது?

அமெரிக்கக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களில் எஸ்பிஎன்-43 என்றொரு ரேடார் உண்டு. கப்பலில் இறங்க வரும் விமானங்களை வரிசைப்படுத்தி வழிகாட்டுவது அதன் வேலை. 3.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைக்கற்றையில் அது இயங்குகிறது. கப்பல் கரையை நெருங்கும்போது அந்த அலைக்கற்றையில் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. சரி, நியாயம்தான். ஆனால் கடலே இல்லாத கான்சாஸ் மாநிலத்துக் கோதுமை வயலில் அதே அலைக்கற்றையைப் பூட்டி வைத்து யாருக்கு என்ன லாபம்?

இந்தக் கேள்விக்கு விடையாக 2015இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி, 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 150 மெகாஹெர்ட்ஸைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. நிபந்தனை ஒன்றுதான்: உரியவர் வந்தால் மற்றவர் எழுந்து இடம் விட வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு சிபிஆர்எஸ் என்று பெயர். 2019 செப்டம்பரில் வணிகப் பயன்பாடு தொடங்கியது.

ரயிலில் முன்பதிவு செய்த இருக்கை காலியாக இருக்கிறது, அதற்குரியவர் அடுத்த ஸ்டேஷனில்தான் ஏறுவார், அதுவரை நீங்கள் உட்காரலாம் என்பது மாதிரிதான் இது. பரிசோதகர் வந்து எழுந்திருங்கள் என்றால் எழுந்துவிட வேண்டும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். ரயில் பரிசோதகர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார், நீங்கள் எந்தப் பெட்டியில் எந்த இருக்கையில் இருக்கிறீர்கள் என்பதையும் பார்க்கிறார். அலைக்கற்றைப் பரிசோதகரோ எங்கோ ஒரு தரவு மையத்தில் ஓடும் மென்பொருள். தன் எதிரில் நிற்பது யார், எங்கிருந்து பேசுகிறது, சொன்னால் கேட்குமா என்பதை அது ஒரு இணைய இணைப்பின் வழியாகவே தெரிந்துகொள்ள வேண்டும். அடையாளச் சரிபார்ப்பின் சிக்கல் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்: சிம் கார்டு போதாதா?

போதாது. உங்கள் ஃபோனில் உள்ள சிம், நீங்கள் இந்த நிறுவனத்தின் சந்தாதாரர்தான் என்று நெட்வொர்க்குக்கு நிரூபிக்கிறது. பில் யாருக்குப் போக வேண்டும் என்ற கேள்விக்கு அது விடை. அந்த நெட்வொர்க்குக்கே இந்த அலைக்கற்றையில், இந்த இடத்தில், இந்த நேரத்தில் பேச அனுமதி உண்டா என்பது வேறு கேள்வி. வழக்கமான செல்ஃபோன் சேவையில் இந்தக் கேள்வி எழுவதில்லை. ஏலத்தில் எடுத்த நிறுவனத்துக்கு அந்த அலைக்கற்றை உரிம காலம் முழுவதும் சொந்தம், கோபுரம் தினமும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பகிர்வில் கோபுரமே அனுமதி கேட்கிறது. ஆகவே சோதனைக்கு உள்ளாவது உங்கள் ஃபோன் அல்ல, அலை பரப்பும் நிலையம். ஃபோன்கள் அந்த நிலையத்தின் குரல் கேட்டால் மட்டுமே பேசும். நிலையம் வாயை மூடினால் தாமாக அடங்கிவிடும்.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் போதும் என்று நினைத்த காலம்

ஜோசப் மிட்டோலா 1999இல் ‘அறிவுள்ள ரேடியோ’ என்ற கருத்தை முன்வைத்தபோது, தரவுத்தளம், சான்றிதழ் என்பதெல்லாம் பேச்சின் மையத்தில் இல்லை. ரேடியோ தன் சூழலைத் தானே உணர்ந்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் என்பதுதான் கனவு. சுற்றிலும் கேள், யாரும் பேசவில்லையா, நீ பேசு. அழகான யோசனை.

2008 நவம்பரில் எஃப்சிசி, டிவி சேனல்களுக்கு இடையே காலியாகக் கிடக்கும் அலைக்கற்றையைத் திறந்துவிட்டபோது இந்தக் காது கேட்கும் திறனையும் கட்டாயமாக்கியது. எவ்வளவு கூர்மையான காது? -114 டிபிஎம். அதாவது ஒரு வாட்டை இரண்டரைக் கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. டிவி பெட்டிக்குத் தெளிவான படம் வரத் தேவையான சிக்னலைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு பலவீனமானதையும் இது கண்டுபிடிக்க வேண்டும். காரணம் உண்டு. உங்கள் கருவி ஒரு மலை மறைவிலோ கான்கிரீட் சுவருக்குப் பின்னாலோ இருக்கலாம். அதற்கு டிவி கோபுரம் கேட்காது; ஆனால் பக்கத்து வீட்டுக் கூரை ஆன்டெனாவுக்கு நன்றாகக் கேட்கும். காலி என்று நினைத்து உங்கள் கருவி பேசினால் அந்த வீட்டில் படம் அறுந்துபோகும்.

இவ்வளவு கூர்மையான காது வைத்தாலும் ஒரு அடிப்படை ஓட்டை இருந்தது. காதில் விழுவது உண்மையான டிவி கோபுரம்தானா?

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் ரூயிலியாங் சென், ஜங்-மின் பார்க், ஜெஃப்ரி ரீட் ஆகியோர் இந்த ஓட்டையைத்தான் சுட்டிக்காட்டினார்கள். ஒரு மோசக்காரக் கருவி டிவி சிக்னலைப் போலவே ஒலித்தால், நாணயமான கருவிகள் எல்லாம் உரியவர் வந்துவிட்டார் என்று எழுந்து ஓடிவிடும். அப்புறம் மொத்த சேனலும் மோசக்காரனுக்கு. அல்லது அவனுக்கும் பயனில்லை, எல்லோரையும் விரட்டுவதே நோக்கம் என்றும் இருக்கலாம். வழக்கமான நெட்வொர்க் பாதுகாப்பில் திருடன், உள்ளே நுழையத் தகுதி உள்ளவனைப் போல நடிப்பான். இங்கே முதலாளியைப் போலவே நடிக்கிறான்.

இதைத் தடுக்க எளிய வழி, டிவி சிக்னலிலேயே ஒரு டிஜிட்டல் கையெழுத்தைச் சேர்ப்பது. ஆனால் பழைய உரிமையாளர் தன் கருவியில் ஒரு திருகாணியைக்கூட மாற்ற வேண்டியதில்லை என்பது அலைக்கற்றைப் பகிர்வின் அடிப்படைக் கொள்கை. வீட்டுக்காரர் குடிவந்தவருக்காக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிய மாட்டார். கடற்படையிடம் போய் உங்கள் ரேடாரில் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள்.

எனவே ஆய்வாளர்கள் சுற்றுவழிகளைத் தேடினார்கள். டிவி கோபுரம் எங்கே நிற்கிறது என்பது ஊருக்கே தெரியும். ஆகவே சிக்னல் வரும் திசையையும் வலிமையையும் பல இடங்களில் அளந்து, அது கோபுரத்திலிருந்துதான் வருகிறதா என்று கணக்கிடலாம். கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு உதவிக் கருவியை வைத்து, அதன் மூலம் கையெழுத்திட்ட தகவலை அனுப்பலாம் என்பது 2010இல் வந்த இன்னொரு யோசனை. ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரின் உள்ளுறுப்புகளிலும் இருக்கும் நுண்ணிய குறைகளை ரேகை போலப் படித்து ஆளை அடையாளம் காணலாம் என்றும் ஏராளமான ஆய்வுகள் உண்டு. இந்த ரேகை வழியின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வெயில் ஏறினால் கருவியின் குணம் மாறுகிறது, ஆய்வுக்கூடத்தில் பிடிபட்ட ரேகை தெருவில் நழுவுகிறது.

நடைமுறையில் எஃப்சிசி எடுத்த முடிவு இதையெல்லாம் ஓரங்கட்டியது. 2010 செப்டம்பரில், தரவுத்தளத்தைக் கேட்டு நடக்கும் கருவிகளுக்குக் காது கேட்கும் கட்டாயத்தையே நீக்கிவிட்டது. உன் இடத்தைச் சொல், எந்தச் சேனல் காலி என்று தரவுத்தளம் சொல்லும். உரியவரை அடையாளம் காண முடியாததால், பாரம் முழுவதும் குடிவருபவரின் தலைக்கு மாறியது. இனி அவர்தான் தன்னை நிரூபிக்க வேண்டும்.

பட்டியலை நம்பியதும் வந்த அவமானம்

டிவி அலைக்கற்றைக்கான முதல் தரவுத்தளம் 2011 டிசம்பரில் அனுமதி பெற்றது. ஸ்பெக்ட்ரம் பிரிட்ஜ் நடத்திய அந்தச் சேவை, அடுத்த மாதம் வட கரோலினா மாநிலத்தின் வில்மிங்டன் பகுதியில் இயங்கத் தொடங்கியது. கூகுளுக்கு 2013இல் அனுமதி கிடைத்தது. கருவியும் தரவுத்தளமும் பேசிக்கொள்ள ‘பாஸ்’ என்ற பொது நெறிமுறையை இணையத் தர அமைப்பான ஐஇடிஎஃப் 2015 மே மாதம் வெளியிட்டது. இணைப்பு மறைகுறியாக்கப்பட்டது. நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, பதிலைத் திருத்த முடியாது. எல்லாம் முறைப்படி.

ஆனால் இடத்தைச் சொல்வது யார்? நிலையான கருவிகளுக்கு ஜிபிஎஸ் கட்டாயமில்லை, நிறுவும் தொழில்முறை ஆள் கையால் தட்டச்சு செய்தால் போதும் என்று விதி இருந்தது. 2015 மார்ச்சில் அமெரிக்க ஒளிபரப்பாளர்கள் சங்கம் எஃப்சிசியிடம் அவசர மனு கொடுத்தது. தரவுத்தளத்தில் உள்ள கணிசமான பதிவுகளில் இடமோ பெயரோ வெளிப்படையாகவே பொய் என்பது அதன் புகார். மறைகுறியாக்கம் அந்தப் பொய்களையும் ஒரு எழுத்துக்கூடச் சிதையாமல் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. 2019இல் எஃப்சிசி கையால் எழுதும் வழியை மூடி, நிலையான கருவிகளிலும் இடமறியும் வசதி இருந்தே ஆக வேண்டும் என்று விதித்தது.

இந்தக் கதையில் இன்னொரு கிளையும் உண்டு, அதிகம் பேசப்படாதது. மேடைக் கச்சேரி, விளையாட்டு அரங்கு ஆகியவற்றில் பயன்படும் ஒயர்லெஸ் மைக்குகளும் டிவி அலைக்கற்றையில்தான் ஓடுகின்றன. அவர்களும் தரவுத்தளத்தில் பதிந்து பாதுகாப்புக் கேட்கலாம். இல்லாத கச்சேரிக்குப் பாதுகாப்புக் கேட்டு ஒருவர் பதிந்தால் சுற்றுவட்டாரத்தில் அந்தச் சேனலே முடங்கும். அதனால் பாதுகாப்புக் கேட்பவரையும் சோதித்தாக வேண்டும். ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 802.22.1 தரநிலை இதற்காகவே மைக்குக்குப் பக்கத்தில் வைக்கும் ஒரு சிறு அறிவிப்புக் கருவியை வகுத்தது. அதன் அறிவிப்பில் டிஜிட்டல் கையெழுத்தும் சான்றிதழும் சேர்ந்தே வரும்.

சிபிஆர்எஸ்: ஒரு நிலையம் வாய் திறப்பதற்கு முன்

சிபிஆர்எஸ் வடிவமைத்தவர்கள் மேலே சொன்ன பாடத்தைப் படித்தவர்கள். இங்கே மூன்று அடுக்கு. மேலே பழைய உரிமையாளர்கள்: கடற்படை ரேடார், செயற்கைக்கோள் தரைநிலையங்கள் முதலியவை. நடுவில் காசு கொடுத்து முன்னுரிமை வாங்கியவர்கள். 2020 ஏலத்தில் இந்த உரிமங்கள் சுமார் 458 கோடி டாலருக்குப் போயின. கீழே காசில்லாமல் யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற பொது அடுக்கு. மூன்றையும் மேய்ப்பது ‘சாஸ்’ எனப்படும் அலைக்கற்றை அணுகல் அமைப்பு. கூகுள், ஃபெடரேட்டட் ஒயர்லெஸ் போன்ற நிறுவனங்கள் தனித்தனி சாஸ்களை நடத்துகின்றன; அவை ஒன்றோடொன்று தரவைப் பகிர்ந்துகொள்கின்றன.

ஒரு நிலையம் அலை பரப்புவதற்கு முன் நடப்பது இது:

1. தொழிற்சாலையிலேயே நிலையத்துக்குள் ஒரு ரகசியச் சாவியும், அதற்கு இணையான டிஜிட்டல் சான்றிதழும் வைக்கப்படுகின்றன. சான்றிதழில் அந்த மாடலுக்கு எஃப்சிசி கொடுத்த அடையாள எண்ணும், பெட்டியின் வரிசை எண்ணும் இருக்கும். இந்தச் சான்றிதழ்களை வழங்கும் சங்கிலியின் விதிகளை வகுத்தது ஒயர்லெஸ் இன்னோவேஷன் ஃபோரம் என்ற தொழில்துறை அமைப்பு.

2. நிலையம் இணையம் வழியாகச் சாஸைத் தொடர்புகொள்கிறது. உங்கள் வங்கித் தளத்தில் தளம் மட்டுமே சான்றிதழைக் காட்டும்; நீங்கள் காட்டுவதில்லை. இங்கே இரு தரப்பும் காட்ட வேண்டும். சான்றிதழ் என்பது யாரும் நகலெடுக்கக்கூடிய பொதுத் தகவல்தான். அந்த நேரத்து உரையாடலுக்கே உரிய ஒரு தரவின் மேல் ரகசியச் சாவியால் கையெழுத்திட்டுக் காட்டினால்தான் சான்றிதழ் தன்னுடையது என்று ஆகும். நிலையமும் சாஸைச் சோதிப்பது வெறும் சடங்கல்ல. போலிச் சாஸ் ஒன்று எல்லா நிலையங்களிடமும் ‘எல்லாம் காலி, பேசுங்கள்’ என்று சொன்னால் ரேடாரின் கதி என்ன?

3. பதிவு. நிலையம் தன் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆன்டெனா உயரம், திசை ஆகியவற்றைக் கொடுக்கிறது.

4. எந்தப் பட்டை காலி என்று விசாரித்து, ஒரு குறிப்பிட்ட பட்டைக்கும் வலிமைக்கும் ஒதுக்கீடு கேட்கிறது. ஒதுக்கீடு கிடைத்தாலும் உடனே பேசக் கூடாது.

5. ‘இதயத்துடிப்பு’ எனப்படும் சிறு விசாரிப்பை அனுப்பி, சாஸ் சரி என்று பதில் சொன்ன பிறகே ஒலிபரப்பு. அதன்பின் இந்தத் துடிப்பு நிற்காமல் தொடர வேண்டும்.

சான்றிதழால் ஆவதும் ஆகாததும்

சான்றிதழ் பெட்டியின் பிறப்பைத்தான் நிரூபிக்கிறது. இது எஃப்சிசி சோதித்து அனுமதித்த மாடல், இன்ன தொழிற்சாலையில் செய்தது, இன்ன வரிசை எண். இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. யாரோ கணினியில் எழுதிய போலி மென்பொருள் ஆயிரம் பொய் நிலையங்களாக நடித்துச் சாஸிடம் ஒதுக்கீடு வாங்கி, மற்றவர்களுக்கு இடமே இல்லாமல் செய்வதை இது தடுக்கிறது. தவறு செய்த பெட்டியைத் தனியாகப் பொறுக்கி எடுத்துத் தடைப் பட்டியலில் சேர்க்கவும் இதுதான் வழி.

ஆனால் பெட்டியைத் திறந்து ரகசியச் சாவியை உருவிவிட்டால் நகல் பெட்டி உருவாகிவிடும். அதனால் சாவியைத் தனிப் பாதுகாப்புச் சில்லுக்குள் பூட்டி வைக்கிறார்கள். ஒரே வரிசை எண் இரண்டு ஊர்களில் பதிவு கேட்டால் சாஸ் உஷாராகலாம். நூற்றுக்கணக்கான நிலையங்கள் உள்ள நெட்வொர்க்கில் எல்லாம் தனித்தனியே சாஸிடம் பேசுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு இடைத்தரகு மென்பொருள் தன் சான்றிதழைக் காட்டிவிட்டு அத்தனை பேருக்காகவும் பேசலாம் என்று விதி அனுமதிக்கிறது. வசதிதான். ஆனால் அந்த ஒரு சாவி தொலைந்தால் நூறு பெட்டிகள் தொலைந்த மாதிரி.

இன்னொன்றும் உண்டு. இந்த ஏற்பாட்டில் நேர்மையான பெட்டியே தவறான தகவலைக் கொடுக்க முடியும். பெட்டி சுத்தம், சாவி சுத்தம், கையெழுத்து சுத்தம். எழுதியிருக்கும் உயரம் மட்டும் பொய்.

கம்பத்தில் ஏறியவரின் கையெழுத்து

உயரத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆன்டெனா பத்து மீட்டரில் இருந்தால் ரேடியோ அடிவானம், அதாவது அலை நேராக எட்டும் தூரம், சுமார் 13 கிலோமீட்டர். அதையே முப்பது மீட்டருக்கு ஏற்றினால் கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர். கப்பலின் ரேடாருக்கு நீங்கள் தெரிகிறீர்களா இல்லையா என்பதை இந்த வித்தியாசம் தீர்மானிக்கிறது. அதனால்தான் சிபிஆர்எஸ் விதி, இடத்தைக் கிடைமட்டத்தில் 50 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர் துல்லியத்தில் கேட்கிறது. ஜிபிஎஸ் தரும் எண்களில் உயரமே பலவீனமானது. கட்டடத்துக்குள் இருந்தால் இன்னும் மோசம்.

ஆகவே எந்திரத்தால் முடியாததை மனிதரிடம் கொடுத்தார்கள். அதிக வலிமையுள்ள நிலையங்களையும், தன் இடத்தைத் தானே துல்லியமாக அறிய முடியாத நிலையங்களையும் நிறுவ, பயிற்சியும் தேர்வும் முடித்த சான்றுபெற்ற நிறுவுநர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவருக்கென்று தனியாக ஒரு ரகசியச் சாவி உண்டு. ஆன்டெனாவின் இடம், உயரம், திசை ஆகியவற்றை அளந்து எழுதி, தன் சாவியால் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு, அதை நிலையத்தின் பதிவோடு சேர்த்து அனுப்புகிறார். சாஸ் பார்ப்பது இரண்டு அடையாளங்களை: பெட்டி யார், அதை நிறுவியதற்கு உத்தரவாதம் சொல்பவர் யார். வீட்டுப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து வாங்குவது போல.

எனக்குத் தெரிந்து இந்தத் துறையின் மிகச் சுவாரசியமான முடிவு இதுதான். 2015இல் டிவி தரவுத்தளத்தில் பிரச்சினை, மனிதர்கள் தட்டச்சு செய்ததால் வந்தது. டிவி பக்கம் அதற்குத் தீர்வாக மனிதரை நீக்கி ஜிபிஎஸ்ஸைக் கொண்டுவந்தார்கள். சிபிஆர்எஸ் பக்கம் மனிதரை வைத்துக்கொண்டே, பெயர் சொல்லி மாட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். பொய்யை முழுக்கத் தடுக்க முடியாது, ஆனால் பொய் சொன்னவர் யார் என்பதாவது மறையாது. ஆன்டெனா உயரம் போன்ற விஷயத்தில் இரண்டாவது வழியே மேல் என்று நினைக்கிறேன்.

ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்புவதில் வேறு சிக்கலும் இருக்கிறது. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலின் அமைப்பு வெளிப்படையானது, அதில் கையெழுத்து கிடையாது, தரையை அடையும்போது அதன் வலிமை மிகச் சொற்பம். மலிவான கருவியைக் கொண்டு பக்கத்தில் நின்று போலிச் சிக்னல் அனுப்பினால், கடற்கரையில் இருக்கும் பெட்டியைப் பாலைவனத்தில் இருப்பதாக நம்பவைக்கலாம். ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்கள் தங்கள் தகவலில் உண்மைச் சரிபார்ப்பைச் சேர்த்திருக்கின்றன. முத்திரையை இப்போது அனுப்பி, அதைச் சோதிக்கும் சாவியைச் சற்றுத் தாமதமாக வெளியிடும் உத்தி அது. சாவி வெளியே வரும்போது போலி செய்ய நேரம் கடந்திருக்கும். ஆனால் இதுகூடத் தகவலைத்தான் காக்கிறது; உண்மையான சிக்னலை ஒரு இடத்தில் பிடித்து வேறிடத்தில் மறுபடி ஒலிபரப்பும் தந்திரத்தை முழுவதும் அடைப்பதில்லை.

எழுந்திரு என்றால் எழுந்திருக்குமா?

கதவில் ஒருமுறை அடையாளம் பார்த்து உள்ளே விட்டால் போதும் என்ற நினைப்பு இங்கே செல்லாது. கப்பல் நகர்கிறது. காலையில் கொடுத்த அனுமதி மதியம் தவறாகிவிடும்.

கடற்கரை நெடுகிலும் ரேடாரைக் கேட்கும் சென்சார்கள் இருக்கின்றன. ரேடார் கேட்டதும் அவை சாஸுக்குச் சொல்லும். அதிலிருந்து 300 வினாடிக்குள் அந்தப் பகுதி நிலையங்கள் நின்றாக வேண்டும், அல்லது வேறு பட்டைக்கு மாறியாக வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தை உறுதி செய்வதில்தான் இதயத்துடிப்பின் புத்திசாலித்தனம் தெரிகிறது. இப்படிப்பட்ட பகுதிகளில் சாஸ் ஒவ்வொரு துடிப்புக்கும் பதிலாகக் கொடுக்கும் அனுமதி அதிகபட்சம் 240 வினாடிக்குத்தான் செல்லும். அது முடிந்தால் நிலையம் 60 வினாடிக்குள் நிறுத்த வேண்டும். இரண்டையும் கூட்டுங்கள், 300.

அதாவது சாஸ் ‘நிறுத்து’ என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ‘தொடரலாம்’ என்று சொல்லாமல் இருந்தாலே போதும். இணைய இணைப்பு அறுந்தாலும், யாராவது வேண்டுமென்றே நடுவில் செய்தியை மறித்தாலும், சாஸே படுத்துவிட்டாலும் விளைவு ஒன்றுதான்: நிலையம் அடங்கும். தகவல் வராவிட்டால் பழைய அனுமதியிலேயே ஓடு என்று வடிவமைத்திருந்தால் கேபிளை உருவிவிட்டு யார் வேண்டுமானாலும் சட்டத்துக்குத் தப்பியிருக்கலாம். இதற்கான விலையும் உண்டு. ரேடார் பாதுகாப்புக்கு உட்பட்ட பகுதிகளில் சாஸுக்கும் நிலையத்துக்கும் இடையே ஐந்து நிமிடம் இணைப்பு போனால், எந்தக் கப்பலும் இல்லாவிட்டாலும் சேவை நின்றுவிடும். தொழிற்சாலைக்குள் சொந்த நெட்வொர்க் அமைக்க சிபிஆர்எஸ் எடுப்பவர்கள் இதை முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

கேட்க வருபவரே உளவாளியாக இருந்தால்?

சாஸிடம் ‘இங்கே 3560 காலியா’ என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் வரும். நேற்று ஆம், இன்று இல்லை என்றால்? ஒரு போர்க்கப்பல் வந்திருக்கிறது என்று அர்த்தம். கடற்கரை முழுக்கக் கேள்வி கேட்டுப் பதில்களை வரைபடத்தில் குறித்தால் கப்பலின் பாதை தெரிந்துவிடும்.

சான்றிதழ் இல்லாத யாருக்கும் பதில் கிடையாது என்பது இதற்கு ஒரு தடுப்பு. ஆனால் கடையில் பெட்டி வாங்கியவருக்கும் சான்றிதழ் இருக்கும். எனவே கடலோரத்தைப் பெரிய பெரிய பாதுகாப்பு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ரேடார் எங்கே கேட்டாலும் மொத்த மண்டலத்துக்கும் பாதுகாப்பு கொடுக்கும்படி சுற்றியுள்ள நிலையங்கள் அடங்கும். மண்டலத்துக்குள் கப்பல் எங்கே என்று வெளியே தெரியாது. ரேடாரைக் கேட்கும் சென்சார் அமைப்புகளும் அதன் இடத்தையோ நகர்வையோ சேமித்து வைக்கக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. அடையாளத்தைக் கறாராகக் கேட்கும் இந்த அமைப்பு, முதலாளியின் அடையாளத்தை மட்டும் வேண்டுமென்றே மங்கலாக்குகிறது.

உங்கள் வீட்டு ரௌட்டருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

6 கிகாஹெர்ட்ஸ் வைஃபைதான் சம்பந்தம். 2020 ஏப்ரலில் எஃப்சிசி 5925 முதல் 7125 மெகாஹெர்ட்ஸ் வரை வைஃபைக்குத் திறந்தது. அங்கே ஏற்கெனவே கோபுரத்துக்குக் கோபுரம் பேசும் மைக்ரோவேவ் இணைப்புகள் இருக்கின்றன. வெளியிலும் முழு வலிமையோடும் இயங்கும் வைஃபைக் கருவி, ‘ஏஎஃப்சி’ என்ற தானியங்கி ஒருங்கிணைப்பு அமைப்பைக் கேட்டே பேச வேண்டும். 2024 பிப்ரவரியில் ஏழு ஏஎஃப்சி அமைப்புகளுக்கு அனுமதி கிடைத்தது. கருவி தன் எஃப்சிசி எண், வரிசை எண், இடம், உயரம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். ஆனால் துடிப்பு கிடையாது. நாளுக்கு ஒருமுறை கேட்டால் போதும். ஒருநாள் கேட்க முடியாவிட்டால் மறுநாள் இரவு 11:59 வரை பழைய அனுமதியில் ஓடலாம். மைக்ரோவேவ் கோபுரம் கப்பல் மாதிரி நடந்து வருவதில்லை, அவ்வளவுதான் காரணம்.

இடத்தைப் பற்றி ஏஎஃப்சி கேட்பது ஒற்றைப் புள்ளியை அல்ல. ‘இந்த வட்டத்துக்குள் இருக்கிறேன், 95 சதவீதம் உறுதி’ என்று கருவி சொல்ல வேண்டும். வட்டத்துக்குள் எங்கே இருந்தாலும் யாருக்கும் இடையூறு வராத சேனல்களே கிடைக்கும். வட்டம் பெரிதானால் சேனல் குறையும்.

வீட்டுக்குள் வைக்கும் குறைந்த வலிமை ரௌட்டருக்கு இந்த எதுவும் தேவையில்லை: பதிவு, சான்றிதழ், தரவுத்தளம் ஒன்றும் கிடையாது. வீட்டுச் சுவரே அலையைத் தடுத்துவிடும் என்பது கணக்கு. சரி, அது வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இங்கே எஃப்சிசி செய்தது எனக்குப் பிடித்தமான வேலை. அந்த ரௌட்டர் மழை தாங்கும்படி செய்திருக்கக் கூடாது, பேட்டரியில் ஓடக் கூடாது, ஆன்டெனாவைக் கழற்றி வேறு மாட்ட முடியக் கூடாது. மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்தால் முதல் மழையோடு சரி.

இந்தியாவில் 2025 மே மாதம் வெளியான வரைவு விதிகள் 5925 முதல் 6425 வரையிலான கீழ்ப்பகுதியை உரிமம் இல்லாமல் திறக்க முன்வந்தபோது, இதே பாதையைத்தான் எடுத்தன. வீட்டுக்குள் குறைந்த வலிமை, வெளியே மிகக் குறைந்த வலிமை, தரவுத்தளம் வேண்டாம். டிவி அலைக்கற்றையைப் பகிர்ந்து கிராமங்களுக்கு இணையம் கொடுக்க ஐஐடி பாம்பே ஆய்வாளர்கள் மகாராஷ்டிரத்தின் பால்கர் பகுதியில் சோதனை நடத்தியதுண்டு. 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள 15 சேனல்களில் குறைந்தது 12 நாட்டின் எந்த மண்டலத்திலும் காலியாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அங்கே ஒலிபரப்புவது பெரும்பாலும் தூர்தர்ஷன் மட்டும்தான். அவ்வளவு காலி இடத்தை முழு வலிமையில் பகிர வேண்டும் என்றால் சுவரையும் மழையையும் நம்ப முடியாது. யாராவது கம்பத்தில் ஏறி, அளந்து, கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.